கடைசிப் படியில் அம்மா விழுந்துட்டாங்க, மாடிப்படியை என்ன செய்யலாம்?

தோட்டத்து மகள் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துப் படிச்சுப் பதில் சொல்லுங்க.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கம்மா மாடிப்படியில விழுந்துட்டாங்க. வயசு 73. வலது மணிக்கட்டு முறிஞ்சு, ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போட்டு அனுப்பியிருக்காங்க, ஆறு வாரத்துக்கு. தலையும் இடுப்பும் தப்பிச்சது முருகன் புண்ணியம்.

வெள்ளிக்கிழமை விளக்கு வச்சதும் தூபக்கால்ல சாம்பிராணி போட்டு வீடு முழுக்கக் காட்டணும் அம்மாவுக்கு. தோட்டத்துல லயத்து வீட்டுல இருந்தப்ப அது ரெண்டு நிமிஷ வேலை. ஒரு ஹால், ஒரு ரூம், பின்னால குசினி, அவ்வளவுதான். தோட்டத்தை வித்து எல்லாரும் வெளியான பிறகு டவுன் பக்கம் தாமான்ல, அதாவது குடியிருப்புப் பகுதியில, ரெண்டு மாடி தெரஸ் வீடு வாங்கினோம். சாமி ரூம் மாடியில அமைஞ்சிருச்சு. அதனால தூபக்காலும் மாடியில இருந்து கிளம்பி, ஒவ்வொரு ரூமா சுத்தி, படியிறங்கிக் கீழ வரும். அன்னிக்கும் அப்படித்தான். இடது கையில தூபக்கால், வலது கை கைப்பிடி மேல. எல்லாப் படியும் இறங்கியாச்சு. தரைக்கு முந்தின ஒரே ஒரு படி, அதுலதான் விழுந்தாங்க.

நான் குசினியில இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்தா அம்மா ஒருக்களிச்சுக் கிடக்காங்க, தணல் சிதறி மிதியடி மேல புகையுது. கால்ல ரெண்டு இடத்துல கொப்புளம். என்னைப் பார்த்து முதல்ல சொன்னது, "மிதியடி பத்திக்கப் போவுது, தண்ணி ஊத்து." கையைத் தூக்க முடியலைன்னு அதுக்கப்புறம்தான் சொன்னாங்க. எப்படிம்மா ஆச்சுன்னு கேட்டதுக்கு, "படி முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்டி"ன்னாங்க. இந்த ஒரு வார்த்தை என் மனசுல நின்னுபோச்சு.

அண்ணன் ஒரே முடிவா இருக்காரு. அம்மா இனிமே மாடி ஏறவே கூடாது, ஹால்ல கட்டில் போட்டுடு, படிக்கு ஒரு கேட் அடிச்சுடுன்னு சொல்றாரு. அவர் பயம் எனக்குப் புரியுது. ஆனா அதைக் கேட்ட நாள்ல இருந்து அம்மா முகம் மாறிப்போச்சு. 31 வருஷம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவங்க அவங்க. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நின்னு, நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு மலைக்காட்டுல மண்படி ஏறினவங்க. தோள்ல சுமக்கிற காண்டாக் கம்புல ரெண்டு வாளிப் பாலை வச்சு அதே மண்படியில இறங்கினவங்க. "மலைக்காட்டுல விழாதவ, சொந்த வீட்டுல விழுந்தேன்னு கேட் போடுறீங்களா?"ன்னு கேக்குறாங்க. எனக்குப் பதில் சொல்ல வாயே வரல.

படி எப்படி இருக்கும்னு சொல்றேன். மொத்தம் 17 ஏத்தம், அதாவது ஒரு படியில இருந்து அடுத்ததுக்கு ஏறுற உயரம் 17. கீழ இருந்து நேரா ஏறி, மேல போகும்போது மூலையில மூணு முக்கோணப் படியா திரும்பும். கிரீம் கலர் மொசைக். இறங்கும்போது வலது பக்கம் மரக் கைப்பிடி, இடது பக்கம் வெறும் சுவர். கீழ இருக்கிற ரெண்டு படி ஹாலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கும், அங்க பிடிக்க ஒண்ணுமே இல்ல, கைப்பிடி அதுக்கு முன்னாடியே நின்னுடும். ஒரு லைட்டு மாடியில, ஒரு லைட்டு ஹால்ல.

கைப்பிடி, வழுக்காத டேப், லைட்டு, எதை முதல்ல செய்யணும்? படியில ஓடுற நாற்காலி மெஷின் பத்தியும் விசாரிச்சேன், அந்த விலை எங்க குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. அம்மாவைப் படியை விட்டுத் துரத்தாம, படியை அம்மாவுக்கு ஏத்த மாதிரி மாத்த முடியுமா? அதுதான் என் கேள்வி.

ரவாங் தம்பி

அக்கா, அம்மா சீக்கிரம் குணமாகட்டும். எங்க வீட்டுப் படியில கார்ப்பெட் ஒட்டியிருக்கோம், விழுந்தாலும் அடி படாது. ஹார்ட்வேர் கடையில ரோலா கிடைக்கும், நீங்களே ஒட்டிடலாம்.

கொத்தனார் அண்ணன் (தெலுக் இந்தான்)

தங்கச்சி, நான் 38 வருஷமா வீட்டு வேலை செய்யிறவன். இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க, கார்ப்பெட்டும் வேணாம். தம்பி நல்ல மனசோட சொல்றாரு, ஆனா கார்ப்பெட் படியோட விளிம்பை உருண்டையாக்கிடும். எங்க படி முடியுதுன்னு காலுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. ஒரு இடத்துல பசை விட்டா அதுவே காலை இழுக்கும்.

முதல்ல ஒரு அளவு டேப் எடுங்க. தரையில இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு படியோட உயரத்தையும் மில்லிமீட்டர்ல எழுதுங்க. ஒண்ணையும் விடாதீங்க. "எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு"ன்னு கண்ணால பார்த்து முடிவு பண்ணாதீங்க. அளந்து இங்க போடுங்க.

இன்னொண்ணு கேக்கணும். வீடு வாங்கின பிறகு கீழ்த் தரையில புது டைல்ஸ் போட்டீங்களா? பழசை உடைச்சுட்டுப் போட்டீங்களா, இல்ல அது மேலேயே போட்டீங்களா?

உங்கம்மா சொன்ன வார்த்தையில விஷயம் இருக்கு. அவங்க கவனக்குறைவா விழல.

தோட்டத்து மகள் (சுங்கை சிப்புட்)

அண்ணே, ராத்திரி என் மகனை வச்சு அளந்தேன். மேல இருக்கிற 16 ஏத்தமும் 177, 178, 179, இதுக்குள்ளதான் வருது. கடைசியில, தரைக்கும் முதல் படிக்கும் நடுவுல, 144. நாலு தடவை அளந்தோம். 144-தான்.

நீங்க கேட்டது சரி. ஆறு வருஷத்துக்கு முன்னாடி தங்கச்சி கல்யாணத்துக்காகக் கீழ்த் தரைக்குப் புது டைல்ஸ் போட்டோம். போட்டவர், பழசை உடைக்க வேணாம், மேலேயே போட்டுடலாம், செலவு மிச்சம்னு சொன்னார். எங்களுக்கும் அப்ப அது நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு. படியைப் பத்தி அவரும் பேசல, நாங்களும் கேக்கல.

அண்ணே, இதை எழுதும்போது கை நடுங்குது. இந்த ஆறு வருஷமா அம்மா மாடி ஏறும்போதெல்லாம் ரெண்டாவது படியில பெருவிரலை இடிச்சுக்குவாங்க. "ஸ்ஸ்"னு ஒரு சத்தம், அப்புறம் ஏறிப் போயிடுவாங்க. நகம் கறுத்துப்போய் ஒரு தடவை உரிஞ்சே போச்சு. கண்ணு மங்கிருச்சு, வயசாகுதுன்னு நாங்க எல்லாரும் அவங்களைத்தான் சொன்னோம். கண்ணாடி மாத்தினோம். நேத்துதான் என் மகன் சொல்றான், "நானும் அந்தப் படியில இடிச்சிருக்கேன்மா"ன்னு. அவனுக்கு வயசு 15.

கொத்தனார் அண்ணன் (தெலுக் இந்தான்)

நெனச்சேன் தங்கச்சி. நான் பார்த்த வீடுகள்ல இது புதுசு இல்ல. டைல்ஸ் மேல டைல்ஸ் போட்டா, சிமெண்டும் சேர்த்து ஒரு இஞ்சுக்கு மேல தரை உயரும். படி அங்கேயே நிக்கும். அந்த உயரம் முழுக்க ஒரே ஒரு படியிலதான் குறையும், அது கீழ்ப்படி.

மனுஷன் படி ஏறும்போது ஒவ்வொரு படியையும் பார்த்து ஏறுறது இல்ல. முதல் ஒண்ணு ரெண்டு படியில காலு உயரத்தைக் கத்துக்கும், மீதியை அதே கணக்குல போட்டுக்கிட்டே போகும். பாதம் விளிம்பைத் தாண்டுற இடைவெளி ரொம்பக் கொஞ்சம்தான். உங்க வீட்டுல முதல் ஏத்தம் 144. காலு அதைக் கத்துக்கிட்டு அடுத்ததுக்குத் தூக்கினா அங்க 178 நிக்குது. பெருவிரல் இடிக்காம என்ன செய்யும்?

இறங்கும்போது வேற கதை. உயரம் குறைஞ்ச படி, கலரும் தரை கலர், மேல இருந்து பார்த்தா தரையோட தரையா ஒட்டிக்கும். அதே நேரத்துல கைப்பிடியும் முடியுது. கை காலியானதும் உடம்பு என்ன நெனைக்கும்? படி முடிஞ்சது, இனி சமதரைன்னு நெனைக்கும். அம்மா சமதரையில நடக்கிற மாதிரி காலை நீட்டியிருக்காங்க. அவங்க சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி.

நம்ம மலேசியாவுல 1984-ஆம் வருஷத்துக் கட்டட விதி, யூ.பி.பி.எல்.னு சொல்லுவோம், அதுல படி உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது, கால் வைக்கிற அகலம் 255-க்குக் குறையக் கூடாதுன்னு இருக்கு. உங்க மேல் படிகள் அதுக்குள்ளதான் இருக்கு, கட்டினவங்க ஒழுங்காத்தான் கட்டியிருக்காங்க. அமெரிக்காவுல வீட்டுக்கான விதியில ஒரே வரிசைப் படியில மிக உயரமானதுக்கும் மிகக் குட்டையானதுக்கும் 9.5 மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் கூடாதுன்னு வச்சிருக்காங்க. மேல் படிகளைச் சராசரியா 178-னு வச்சுக்கிட்டாலே உங்க வீட்டுல 34.

முழுசா சரி பண்ண வழி இருக்கு. 34 மில்லியை 17 ஏத்தத்துக்கும் பங்கு போட்டா ஆளுக்கு 2 மில்லி. படியில இருக்கிற மொசைக்கை உடைச்சுட்டுப் புதுசு ஒட்டும்போது, கீழ்ப்படியை இப்ப இருக்கிறதை விட 32 மில்லி உயர்த்தணும், அடுத்ததை 30, அதுக்கடுத்ததை 28, இப்படியே குறைஞ்சுக்கிட்டே போய் மேல கடைசிப் படிக்கு 2. எல்லா ஏத்தமும் 176-ல வந்து நிக்கும். கீழ்ப்படி மேல மட்டும் ஒரு பலகையைப் போட்டு உயர்த்தினா வினை, இடறல் அடுத்த படிக்குப் போகும், அவ்வளவுதான். யாராவது அப்படிச் செஞ்சு தர்றேன்னு வந்தா அனுப்பிடுங்க. புது டைல்ஸ் எடுக்கும்போது பளபளன்னு இருக்கிறதை எடுக்காதீங்க. மங்கலா, சொரசொரப்பா, விளிம்புக்கு மட்டும் வேற கலர்.

அதுக்குக் காசும் நாளும் வேணும். அதுவரைக்கும் செய்ய வேண்டியது கைப்பிடி. இதுதான் முதல் வேலை, டேப்பெல்லாம் அப்புறம்.

இடது பக்கச் சுவர்ல புதுசா ஒரு கைப்பிடி போடுங்க, மேல இருந்து கீழ வரைக்கும் விட்டுப்போகாம. உங்க வீட்டு முக்கோணப் படி வலது பக்கம் கூராப் போகுது, கால் வைக்க அங்க இடமே கிடையாது. ஆனா கைப்பிடி அந்தப் பக்கம்தான் இருக்கு. கை எங்க இருக்கோ உடம்பு அங்க சாயும். அதனால அம்மா தினமும் அந்தக் கூர் முனையிலதான் இறங்கியிருப்பாங்க. சுவர் பக்கம்தான் படி அகலம், அங்க பிடி கொடுத்தா கால் தானா அகலத்துக்குப் போகும்.

குழாய் ஒன்றரை இஞ்சு உருண்டை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 304 ரகம். விரல் சுத்திப் பிடிக்க முடியணும், அகலப் பலகை வேணாம். சுவருக்கும் குழாய்க்கும் நடுவுல ரெண்டு இஞ்சு இடைவெளி. தாங்கி குழாயோட அடிப்பக்கமா வரணும், அப்பத்தான் கை எங்கேயும் எடுக்காம வழுக்கிக்கிட்டே வரும். உயரம் படி விளிம்புல இருந்து 825-லேர்ந்து 900 மில்லி, அதுக்குள்ள அம்மாவையே நிக்க வச்சுப் பார்த்துக்குங்க. கீழ முடியற இடம்தான் முக்கியம் தங்கச்சி. கடைசிப் படியைத் தாண்டி இன்னும் ஒரு அடி சமதரைக்கு மேல நீளணும். அம்மா ரெண்டு காலும் தரையில வச்ச பிறகுதான் கைக்குக் குழாய் முடியணும். ஹாலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற ரெண்டு படிக்குச் சுவர் இல்லேன்னா தரையில ஒரு தூண் ஊன்றி அதுல நிறுத்தச் சொல்லுங்க. முனையை வளைச்சு விடணும், இல்லேன்னா சேலை முந்தானை மாட்டும்.

மாட்டுறவர் சும்மா பிளாஸ்டிக் பிளக் அடிச்சு ஸ்குரூ போட்டுட்டுப் போகப் பார்ப்பார். செங்கல் சுவரா, ஓட்டைக் கல்லான்னு துளை போடும்போதே தெரியும். ஓட்டைக் கல்லா இருந்தா கெமிக்கல் ஆங்கர், அதாவது துளைக்குள்ள பசை விட்டு இறுக்குற போல்ட், போடச் சொல்லுங்க. மாட்டி முடிச்சதும் உங்க வீட்டுலேயே கனமான ஆளைக் கூப்பிட்டுக் குழாய்ல தொங்கச் சொல்லுங்க. அசைஞ்சா காசு கொடுக்காதீங்க.

மிஸ்ஸி அக்கா (கிள்ளான்)

அன்புத் தங்கைக்கு. நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், கடைசிப் பத்து வருடம் எலும்பு வார்டு. படியைப் பற்றி அண்ணன் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்து 73 வயதில் மணிக்கட்டு முறிந்தால் அதைக் கையோடு மட்டும் முடிந்த காரியமாக விடாதீர்கள். எலும்பு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வார்டில் இடுப்பு முறிந்து வந்த எத்தனையோ பாட்டிமார்கள் சில வருடம் முன்பு மணிக்கட்டு முறிந்தவர்களாக இருந்தார்கள். மாவுக்கட்டுப் பிரிக்கப் போகும் நாளில் எலும்பு அடர்த்திச் சோதனைக்கு எழுதித் தரும்படி டாக்டரிடம் நீங்களே வாய் திறந்து கேளுங்கள்.

மாத்திரை டப்பாவை முழுசாக எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். இரத்த அழுத்த மாத்திரை, தண்ணீர் போக வைக்கும் மாத்திரை, தூக்க மாத்திரை, இவை சிலருக்கு எழுந்து நிற்கும்போது தலையைச் சுற்ற வைக்கும். இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருந்தால் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பாதம் மரத்துப்போனவருக்குப் படி விளிம்பு தெரியாது. கண்ணாடி மாற்றியதாக எழுதியிருந்தீர்கள். அது மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்குமாக இரண்டு பவர் உள்ள கண்ணாடியா? அப்படியென்றால் படியிறங்கக் குனியும்போது படிக்கிற பகுதி வழியாகத்தான் பார்ப்பார், படி மங்கலாகத்தான் தெரியும். நடமாட்டத்துக்கு ஒரே பவரில் தனிக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம்.

வெளிச்சத்தையும் சொல்ல வேண்டும். அறுபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் இருபது வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நமக்குப் போதும் என்று நினைக்கிற லைட்டு அவருக்கு அரை இருட்டு. அதற்காகக் கண்ணைக் குத்துகிற பல்பைப் படிக்கு நேரே மாட்டிவிடாதீர்கள், இறங்குகிறவர் கண் கூசும். மூடி போட்ட விளக்காக, படி முழுக்க ஒரே சீராக விழ வேண்டும். சுவிட்ச் மேலேயும் கீழேயும் இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும்.

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரு முறை சொல்லித் தருவோம். முட்டி வலி இருக்கும் கால் எதுவோ, ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர்ந்த பிறகு அடுத்தது. ஒரு கை எப்போதும் கைப்பிடியில், மற்றக் கையில் எதுவும் வேண்டாம். தூபக்கால் நிச்சயமாக வேண்டாம், புகை கண்ணில் படுகிறது, தணல் என்று மனம் முழுக்கக் கையில் இருக்கிறது, காலை யார் பார்ப்பது?

மாவுக்கட்டு இருக்கும்வரை அம்மா கீழே படுக்கட்டும். இது தண்டனை இல்லை, ஆறு வாரம்தான் என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். இப்போது இறங்கும்போது பிடிக்க வேண்டியது வலது கை, அதில்தான் கட்டு. இடது கைக்குச் சுவரில் ஒன்றும் இல்லை. ஆனால் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை இன்றைக்கே தொடங்கலாம், காலை ஐந்து, மாலை ஐந்து, பிறகு பத்து. தொடைக்கு வலு வந்தால்தான் படி வசப்படும். நியூசிலாந்தில் ஓட்டாகோ என்ற பெயரில் முதியவர்களுக்கு வீட்டிலேயே செய்யும் கால் வலுப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் உருவாக்கினார்கள். அதைச் செய்தவர்கள் விழுவது 35 விழுக்காடு குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனம் வருடத்துக்கு 6,84,000 பேர் விழுந்து இறப்பதாகக் கணக்குச் சொல்கிறது, அதிகமும் 60 வயதைத் தாண்டியவர்கள். பயமுறுத்த எழுதவில்லை. விழுந்த பிறகு இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற மகள் கிடைப்பது அபூர்வம், அதனால் எழுதுகிறேன்.

லூனாஸ் மணியம்

சகோதரி, நான் அதிகம் எழுதுறவன் இல்ல. உங்க அண்ணன் சொல்றதைத்தான் நான் எங்கப்பாவுக்குச் செஞ்சேன். ஒரு தடவை படியில சறுக்கினார், அடிகூடப் படல. மறுநாளே கட்டிலைக் கீழ இறக்கிட்டேன். பாசத்துலதான் செஞ்சேன். அப்பா மாடி ஜன்னல்ல நின்னு பின்னால இருக்கிற செம்பனைக் காட்டைப் பார்த்துக்கிட்டு கோப்பி குடிப்பார், அது நின்னுபோச்சு. நாள் முழுக்க ஹால்ல டிவி முன்னாடி. ஒரு வருஷத்துல கால் சூம்பிப் போச்சு. வாசல்ல இருக்கிற ஒரு படியைத் தாண்ட ரெண்டு பேர் பிடிக்க வேண்டியதாயிருச்சு. படியைச் சரி பண்ணலாம்னு எனக்கு அப்ப யாரும் சொல்லல. உங்க அண்ணன்கிட்ட இதைப் படிச்சுக் காட்டுங்க.

தோட்டத்து மகள் (சுங்கை சிப்புட்)

ரெண்டு மாசம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும். எல்லார் பதிலையும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். மணியம் அண்ணன் எழுதினதை அண்ணன்கிட்ட நான் படிக்கல, போனைக் கையில கொடுத்துட்டேன். படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில கைப்பிடி மாட்டுறவரை அவரே காடியில கூட்டிக்கிட்டு வந்துட்டாரு.

குழாய் 304, ஒன்றரை இஞ்சு, கீழ தரையில தூண் ஊன்றி, எல்லாம் சேர்த்து 950 வெள்ளி (ரிங்கிட்) ஆச்சு. உயரத்தை அம்மாவே பார்த்துச் சொன்னாங்க. அம்மா நாலடி பத்து இஞ்சுதான். அவர் முதல்ல 900-ல கோடு போட்டாரு. அம்மா மேல் படியில நின்னு இடது கையை அந்தக் கோட்டுல வச்சுப் பார்த்துட்டு, "தோள் தூக்குது, இறக்குங்க"ன்னாங்க. 840-ல வச்சோம். முடிச்சதும் அண்ணன் தொங்கிப் பார்த்தாரு, அவர் 96 கிலோ. அசையல.

அன்னிக்கு அம்மா இறங்கினதை நான் கீழ நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். முக்கோணப் படியில, கொத்தனார் அண்ணன் சொன்ன மாதிரியே, கால் தானா சுவர் பக்கம் அகலத்துக்குப் போச்சு. கை குழாய் மேல வழுக்கிக்கிட்டே வருது. கடைசிப் படிக்கு வந்ததும் பழைய பழக்கத்துல ஒரு நொடி நின்னாங்க. கை இன்னும் குழாய்லதான் இருக்கு. கையைப் பார்த்தாங்க, காலைப் பார்த்தாங்க, அப்புறம் தரையில கால் வச்சாங்க. ரெண்டு காலும் வச்ச பிறகு கை அந்த வளைவுக்கு வந்து நின்னுச்சு. "இதுதான் முடிவா?"ன்னு கேட்டாங்க. ஆமாம்மான்னேன்.

மேலேயும் கீழேயும் சுவிட்ச் போட்டாச்சு, விளக்குக்குப் பால் வெள்ளை மூடி. கண்ணாடி ரெண்டு பவர்தான், மிஸ்ஸி அக்கா சொன்னது சரி, நடக்கத் தனியா ஒண்ணு செஞ்சாச்சு. மாத்திரையில ஒண்ணை டாக்டர் ராத்திரிக்கு மாத்திக் கொடுத்திருக்காரு. எலும்புச் சோதனைக்குத் தேதி கிடைச்சிருக்கு. நாற்காலியில இருந்து எழும்புறது இப்ப பன்னிரண்டு தடவை வந்திருக்கு. என்னைவிட வேகமா செய்யிறாங்க.

தூபக்கால் விஷயத்துக்கு அம்மாவே வழி கண்டுபிடிச்சாங்க. கடைத்தெருவுல இன்னொரு தூபக்கால் வாங்கி வரச் சொன்னாங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மேல காட்டி முடிச்சுட்டு அதைச் சாமி ரூம்லேயே வச்சுட்டு, வெறுங்கையோட இறங்கி வந்து, கீழ இருக்கிறதுல நான் தணல் எடுத்துப் போட, கீழ் வீட்டுக்குக் காட்டுறாங்க. தண்ணிச் செம்பு, பூ, கற்பூரம் எல்லாம் மேல தனியா ஒரு செட்டு.

மொசைக் உடைக்கிற வேலையைத் தீபாவளிக்கு முன்னாடி வச்சிருக்கோம். நீங்க சொன்ன 32, 30, 28 கணக்கைத் தாள்ல எழுதிச் செய்யிறவர்கிட்ட கொடுத்திருக்கேன். அவர் ஒரு தடவை பார்த்துட்டு, "யார் போட்ட கணக்கு இது, சரியா இருக்கே"ன்னு கேட்டார்.

அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். அதுவரைக்கும் இருக்கட்டும்னு ஒவ்வொரு படி விளிம்புலயும் கறுப்பு டேப் ஒட்டினேன், ரெண்டு இஞ்சு. மேல நல்லா இருக்கு. கீழ ரெண்டாவது படியில மட்டும் ஓரம் எழும்புது. பசை போட்டு ஒட்டவா?

கொத்தனார் அண்ணன் (தெலுக் இந்தான்)

பசை போடாதீங்க தங்கச்சி. எழும்பின டேப்பை இன்னிக்கே முழுசா உரிச்சிடுங்க, அது இடறலைவிட மோசம். மாப் தண்ணி அந்தப் படியில தேங்குது போலிருக்கு. ஸ்பிரிட்டுல நல்லா துடைச்சு, ஒரு ராத்திரி காய விட்டு, காலையில புதுசு ஒட்டுங்க. ரெண்டு முனையையும் சதுரமா விடாம கத்தரியால உருட்டி வெட்டிடுங்க, முனை கூரா இருந்தாத்தான் எழும்பும். சரியா விளிம்போட வரணும், ஒரு விரல் கூட உள்ள தள்ளக் கூடாது. தள்ளி ஒட்டினா அந்தக் கோட்டையே படி முனைன்னு கண்ணு எடுத்துக்கும்.

மொசைக் உடைக்கிற மூணு நாளும் அம்மா எங்க படுப்பாங்க? புது சிமெண்ட் காயறதுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை வந்துடாம நாள் பாருங்க.